210 வாட்டில் குடித்தனம்

பழைய பைக் வாங்குறவங்க எல்லாரும் கேட்கிற கேள்விகள் தெரிஞ்சதுதான். மைலேஜ் எவ்வளவு, பார்ட்ஸ் கிடைக்குமா, எத்தனை கை மாறுன வண்டி. யாருமே கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு: "இந்த வண்டி எத்தனை வாட் கரண்ட் தயாரிக்கும்?"

இங்கே அமெரிக்காவில் பழைய பைக்னு சொன்னா பாதிப் பேருக்கு முதலில் ஞாபகம் வர்றது ஹோண்டா சிபி 750. 1969-ல் வந்த வண்டி. 736 சிசி, வரிசையாக நாலு சிலிண்டர், முன்னாடி டிஸ்க் பிரேக், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட். அந்தக் காலத்தில் ஊரே வாயைப் பிளந்திருக்கு. ஒற்றைக் கேம்ஷாஃப்ட் மாடல் 1978 வரைக்கும் வந்தது. அதுல ஒண்ணைத்தான் என்கூட லேபில் வேலை பார்க்கிற நண்பர் வச்சிருக்கார்.

அவர் பிரச்சினை இதுதான். புது பேட்டரி போட்டாலும் ஒரு வாரத்துல படுத்துடும். சிக்னல்ல நின்னா ஹெட்லைட் மஞ்சளடிக்கும், இண்டிகேட்டர் சோம்பேறித்தனமா சிமிட்டும், எஞ்சின் இருமும். ஒருநாள் ராத்திரி இடப்பக்கம் திரும்புறதுக்காக நடுரோட்டில் காத்திருக்கும்போது அப்படியே அணைஞ்சு போச்சு. பின்னாடி ட்ரக், எதிர்ல கார், வண்டியில ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. (இங்கே வலப்பக்கம் ஓட்டணும். அதனால இடப்பக்கம் திரும்புறதுதான் எதிர்வண்டியைக் குறுக்கே கடக்கிற திருப்பம்.) இந்த வண்டியில் ஸ்பார்க்கும் பேட்டரியை நம்பித்தான். பேட்டரி போனால் விளக்கோடு சேர்ந்து எஞ்சினும் போயிடும்.

மெக்கானிக் பார்த்துட்டு ஸ்டேட்டரை மாத்தணும்னுட்டார். மல்டிமீட்டரை வச்சுப் பார்த்தா ஸ்டேட்டர் நல்லாத்தான் இருக்கு, எதுவுமே ரிப்பேர் இல்லை. கணக்குதான் இடிக்குது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம் வாங்க. சிபி 750 ஆல்டர்னேட்டர் 210 வாட், ஆனா அது 5000 ஆர்பிஎம்மில். ஐடிலில் அதுல பாதிகூடத் தேறாது. ஒரு 85 வாட்னு வச்சுக்குவோம். இது வரவு.

இனி செலவு. ஹெட்லைட்டில் ஹெச்4 பல்பு போட்டிருக்கார், லோ பீமில் 55 வாட். ரெண்டு இக்னிஷன் காயிலுக்கும் சேர்த்து சுமார் 40. ஆல்டர்னேட்டருக்குள்ள நிரந்தரக் காந்தம் கிடையாது. ஃபீல்டு காயிலுக்குக் கரண்ட் கொடுத்துத்தான் காந்தமாக்கணும், அதுக்கு 25 (கரண்ட் தயாரிக்கவே கரண்ட் வேணும், பேங்க்ல லோன் வாங்க பிராசஸிங் ஃபீஸ் கட்டுற மாதிரி). டெயில் லைட் 8, அமெரிக்க மாடலில் முன் இண்டிகேட்டர் ரெண்டும் எப்பவும் எரியுமே அதுக்கு 16, மீட்டர் பல்புகளுக்கு ஒரு 12. கூட்டினால் 156.

இப்போ சிக்னல்ல நிக்கிறோம். பிரேக்கைப் பிடிச்சிருக்கோம், அது 27. இண்டிகேட்டர் சிமிட்டுது. பல்பு ரெண்டு எரிஞ்சாலும் பாதி நேரம்தான் எரியுது, அதனால சராசரி 25. ஆக மொத்தம் 208 வாட். வரவு 85, செலவு 208! பாக்கி 123 வாட்டும் பேட்டரியிலிருந்து போகுது, கிட்டத்தட்ட 10 ஆம்பியர். பேட்டரியோ 14 ஆம்பியர்-மணி. தினம் ஊருக்குள்ள மொத்தம் 20 நிமிஷம் சிக்னலில் நின்னாலே 3 ஆம்பியர்-மணிக்கு மேல காலி. அதைத் திருப்பி ஏத்தணும்னா ஹைவேயில் விரட்டணும். அவர் வீட்டிலிருந்து லேபுக்கு மூணு மைல், வழியெல்லாம் சிக்னல்!

நம்ம ஊர் புல்லட்டில் இதைக் கண்ணாலயே பார்த்திருப்பீங்க. ஹெட்லைட் தலையில குட்டியா ஒரு ஆம்ப் மீட்டர் இருக்குமே, அதேதான். லைட்டைப் போட்டதும் ஐடிலில் முள்ளு மைனஸ் பக்கம் சாயும், ஆக்சிலேட்டரை முறுக்கினா ப்ளஸ்ஸுக்கு வரும். சின்ன வயசுல அதை அழகுக்கு வச்சிருக்காங்கன்னு நினைச்சிருந்தேன் :-)

சரி, என்ன செய்யலாம்? நண்பர் உட்பட எல்லாரும் முதல்ல கை வைக்கிறது ஹெட்லைட்டில்தான். வெளிச்சம் பத்தலைன்னு 100 வாட் பல்பு வாங்கி மாட்டுறது. ஊர்ல புல்லட்காரங்க 100/90 மாட்டுறதைப் பார்த்திருக்கேன். ஏற்கெனவே கடன்ல ஓடுற குடும்பத்துக்கு ஏசி வாங்கி வைக்கிற கதை அது. ஸ்விட்சும் ஒயரும் சூடாகி உருகுறது தனிக் கதை.

வெளிச்சம் ஏன் பத்தலைன்னு முதல்ல பார்க்கணும். ஹெட்லைட்டை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி ப்ளஸ்ஸிலயும் இன்னொரு முனையை ஹெட்லைட் சாக்கெட்டுக்கு வர்ற ப்ளஸ்ஸிலயும் வச்சா, வழியில் எத்தனை வோல்ட் தொலையுதுன்னு நேரடியா காட்டும். இவர் வண்டியில் 1.2 வோல்ட். பேட்டரியில் 12.4 இருக்கு, பல்புக்குப் போய்ச் சேர்றது 11.2. பத்து சதவீதம்தானேன்னு தோணும். ஆனா ஹாலஜன் பல்பு வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர் விகிதத்தில் குறையாது, மூணு மடிக்கும் மேலான வேகத்தில் சரியும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போச்சு.

அந்த 1.2 வோல்ட்டைத் தின்னது யாரு? அம்பது வருஷப் பழைய கனெக்டர்கள், பச்சை பூத்த ஃபியூஸ் கிளிப், இக்னிஷன் ஸ்விட்ச், ஹேண்டில்பார் ஸ்விட்ச். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொண்ணாப் பிடுங்கி, கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, உப்புத்தாளால தேய்ச்சு மாட்டினோம். எர்த் ஒயரை மறந்துடாதீங்க, பாதி வண்டிகளில் திருடன் அங்கேதான் ஒளிஞ்சிருப்பான். அப்புறம் ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலே. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியா நேரா பல்புக்கு ஒயர், பழைய ஸ்விட்ச் ரிலேயை மட்டும் தட்டிவிடும். மொத்தச் செலவு ரெண்டு பீட்சா காசு.

இதுல எதிர்பாராத லாபம் ஒண்ணு கிடைச்சது. இந்த வண்டியோட ரெகுலேட்டர், ஃபீல்டு காயில் ரெண்டுமே இக்னிஷன் ஸ்விட்ச்சுக்கு அப்புறம் வர்ற கறுப்பு ஒயரிலிருந்துதான் சாப்பிடுது. அங்கே ஒரு வோல்ட் தொலைஞ்சா, ஐடிலில் ஃபீல்டு காந்தமே வலு குறையும், உற்பத்தியும் குறையும். ஹைவேயில் நேர் எதிர். பேட்டரி இன்னும் நிறையலைன்னு ரெகுலேட்டர் தப்பா நினைச்சு ஓவரா சார்ஜ் பண்ணும். ஒரே அழுக்கு, ரெண்டு பக்கமும் அடி. கறுப்பு ஒயரைச் சரி பண்ணதும் ரெண்டும் தீர்ந்தது.

ஆனா ரிலே போட்டதும் ஹெட்லைட் இப்போ முழு 55 வாட்டையும் இழுக்குது. செலவு கொஞ்சம் கூடிப்போச்சு. அதை வேற எங்கேயாவது மிச்சம் பிடிக்கணும், அதுக்குத்தான் எல்இடி. இங்கே என் கட்சி என்னன்னா, ஹெட்லைட்டை விட்டுடுங்க, மத்ததை எல்லாம் மாத்துங்க. ஹாலஜன் ஃபிலமென்ட் இருக்கிற இடத்தைக் கணக்குப் பண்ணி வடிவமைச்ச ரிஃப்ளெக்டரில் மலிவான எல்இடி பல்பைச் சொருகினா வெளிச்சம் கண்டபடி சிதறும், எதிர்ல வர்றவன் கண்ணு கூசும், நமக்கு ரோடு தெரியாது.

டெயில் லைட் 8-லிருந்து 1. முன் இண்டிகேட்டர் விளக்குகள் 16-லிருந்து 2. மீட்டர் பல்புகள் 12-லிருந்து 2. பிரேக் லைட் 27-லிருந்து 3. சிமிட்டுறது 25-லிருந்து 3. மொத்தம் 77 வாட் மிச்சம். முக்கியமா, இதுல பெரும்பங்கு எங்கே மிச்சமாகுதுன்னு பாருங்க. பிரேக்கும் இண்டிகேட்டரும் எரியுறதே சிக்னல்ல நிக்கும்போதுதான், அதாவது ஆல்டர்னேட்டர் தூங்குற அதே நேரத்துல. 208 இப்போ 131 ஆச்சு. பற்றாக்குறை 10 ஆம்பியரிலிருந்து 4-க்குக் கிட்ட இறங்கிடுச்சு. ஒரேயொரு பல்பு மாத்தத்தான் காசு இருக்குன்னா பிரேக் லைட்டை மாத்துங்க.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு ஃபீல்டு காயில் வண்டிக்குத்தான் முழுசாப் பொருந்தும். இங்கே செலவு குறைஞ்சா ரெகுலேட்டர் காந்தத்தைக் குறைச்சுடும், எஞ்சினுக்கும் சுமை குறையும். நிரந்தரக் காந்தமும் ஷண்ட் ரெகுலேட்டரும் இருக்கிற வண்டிகளில் கதை வேற. அங்கே ஆல்டர்னேட்டர் தன்பாட்டுக்குத் தயாரிச்சுத் தள்ளும், மிஞ்சினதை ரெகுலேட்டர் ஷார்ட் பண்ணிச் சூடாக்கித்தான் தொலைக்கும். எல்லாத்தையும் எல்இடி ஆக்கினா ஐடிலில் லாபம், ஹைவேயில் ரெகுலேட்டர் கொதிக்கும். அந்த மாதிரி வண்டிக்கு ரெகுலேட்டரைக் காத்து படுற இடத்துல மாட்டணும், இல்லேன்னா சீரிஸ் வகை ரெகுலேட்டருக்கு மாறணும்.

பகல்ல ஹெட்லைட்டை அணைச்சு மிச்சம் பிடிக்கலாமேன்னு கேட்பீங்க. அமெரிக்காவில் பல மாநிலங்களில் பைக்குக்குப் பகல்லயும் ஹெட்லைட் கட்டாயம். இந்தியாவிலயும் 2017 ஏப்ரல் முதல் புது டூவீலர்களில் ஸ்விட்சே கிடையாது. சட்டத்தை விடுங்க, அடுத்தவன் கண்ணுல நாம படணும்.

எல்இடி இண்டிகேட்டர் போட்ட அன்னிக்கு நடந்த கூத்தையும் சொல்லிடறேன். முதல்ல சிமிட்டவே இல்லை. பழைய ஃபிளாஷர் பல்பு இழுக்கிற கரண்ட்டில் சூடாகித்தான் வேலை செய்யும், எல்இடி இழுக்கிற துளி அதுக்குப் பத்தாது. எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வாங்கிப் போட்டோம். இப்போ இடது போட்டா நாலும் சேர்ந்து சிமிட்டுது, வலது போட்டாலும் நாலு! மீட்டரில் இருக்கிற ஒத்தை அம்புக்குறி பல்பு இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவில் மாட்டியிருக்கு. இடது எரியும்போது அது எதிர்ப்பக்க பல்பு வழியா எர்த் பிடிக்கும். அந்தத் துளிக் கரண்ட்டில் பழைய பல்பு எரியாது, எல்இடி எரிஞ்சுடும். ரெண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு டயோடு வழியா அந்தப் பல்புக்குக் கரண்ட் கொடுத்து, அதோட இன்னொரு காலை எர்த்தில் கட்டினதும் அடங்கிடுச்சு.

ஹேண்டில்பாரில் குட்டி வோல்ட்மீட்டர் ஒண்ணு ஒட்டியிருக்கார். சிக்னல்ல 12.2, 3000 ஆர்பிஎம்மில் 13.6, ஹைவேயில் 14.2. பேட்டரி ஏழு மாசமா அதேதான் ஓடுது. குளிருக்கு 30 வாட் சூடாகிற கைப்பிடி மாட்டலாமான்னு இப்போ கேட்கிறார். மாட்டிக்கோ, ஆனா ஊருக்குள்ள ஸ்விட்சைத் தொடாதேன்னு சொல்லியிருக்கேன்.