கட்டடக்கலை முதுமாணிப் பட்டமும் பல்கலைக்கழகத் தெரிவும்

கட்டடக்கலையில் முதுமாணிப் பட்டம் பெறக் கடல் கடந்து செல்ல விரும்பும் மாணவர் பலர், பல்கலைக்கழகத்தின் பெயரைக் கொண்டே அதனைத் தெரிவு செய்கின்றனர். பெயர் ஒரு சான்றுதான்; ஆயின் அது முதற் சான்றன்று. பெற்றோரின் பல்லாண்டுச் சேமிப்பும் மாணவரின் இளமையும் இத்தெரிவிலே தங்கியிருத்தலால், ஆராய வேண்டியவற்றை முறையாக ஆராய்தல் நன்று.

முதலாவது, பட்டத்தின் வகை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரே பெயரால் வழங்கும் இம்முதுமாணிப் பட்டம் உண்மையில் இருவகைப்படும். ஒன்று, தொழிலுக்குரிய பட்டம். வரலாறோ கணிதமோ கற்றுப் பட்டம் பெற்றவரும் இதிற் சேரலாம். அத்தகையோருக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகளோ சற்று மேலோ செல்லும். மற்றையது, கட்டடக்கலைத் தொழிற்பட்டத்தை முன்னரே பெற்றவர்க்குரியது. ஓராண்டு முதல் இரண்டாண்டில் முடிவது. 1940ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசியக் கட்டடக்கலை அங்கீகாரச் சபை முன்னையதையே மதிப்பிட்டு அங்கீகரிக்கின்றது, பின்னையதை அங்கீகரிப்பதில்லை. தொழில் உரிமம் கோரும் வேளையில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றும். தாயகம் திரும்பித் தொழில் செய்ய எண்ணுவோர், தாம் பெறப்போகும் பட்டம் ஏற்கப்படுமா என்பதை இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகத்திடம் புறப்படுமுன்னரே எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, ஆசிரியர். கட்டடக்கலை விரிவுரை மண்டபத்திலும் பார்க்க, வரைமேசையருகே ஆசிரியரும் மாணவரும் உரையாடுமிடத்திலேயே மிகுதியாகக் கற்கப்படுகின்றது. சீனாவிற் பிறந்த ஐ. எம். பெய், ஹாவர்டிலே வால்ட்டர் குரோப்பியஸ் தலைமை வகித்த காலத்திற் பயின்று, 1946இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் லூயி கான் 1957 முதல் 1974இல் மறையும்வரை கற்பித்தார். பல நாட்டு மாணவர் அவரை நாடியே அங்குச் சென்றனர். ஆசிரியர் மறைந்த பின்னரும் அவரால் வந்த புகழ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் நிற்கும். ஆதலால், இன்று அங்கே வடிவமைப்புக் கற்பிப்பவர் யார், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், அம்மாணவரின் வரைபடங்கள் எத்தகையன என்பவற்றையே நோக்குதல் வேண்டும்.

மூன்றாவது, கற்பது எந்த மண்ணுக்குப் பயன்படும் என்பது. இலண்டனிலுள்ள கட்டடக்கலைச் சங்கப் பாடசாலை 1954இல் வெப்பமண்டலக் கட்டடக்கலைக்கெனத் தனித்துறையொன்றைத் தொடங்கியது. வழக்கறிஞராயிருந்த இலங்கையர் ஜெஃப்ரி பாவா அப்பாடசாலையிலேயே பயின்று, நாற்பதை அணுகும் வயதில், 1957இல் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார். பின்னர் அவர் இலங்கையில் அமைத்த கட்டடங்கள், முற்றமும் தாழ்வாரமும் அகன்ற கூரையும் கொண்டு, வெயிலையும் மழையையும் கருதி எழுந்தவை. பனி பெய்யும் நாட்டிற் பயிலச் செல்பவரும், வெயில், காற்று, மழை ஆகியன பற்றிய ஆராய்ச்சிக்கு அங்கு இடமுண்டா என வினவுதல் தகும்.

இறுதியாகச் செலவு. கட்டணமும் வதிவிடச் செலவும் மட்டுமன்றி, மாதிரியுருக்கள், கணினி, அச்சு ஆகியவற்றுக்கான செலவையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும். புலமைப்பரிசில் ஓராண்டுக்கா, முழுப் படிப்புக்குமா என்பதையும் தெளிதல் வேண்டும்.

இவை நான்கையும் ஆராய்ந்த பின்னரும் இரு பல்கலைக்கழகங்கள் சமமாக நிற்குமாயின், அப்பொழுது பெயரை நோக்கலாம்.