இடக்கைக் கிற்றார் தேடிய கதை

"மிஸ், அந்தத் தையல் மெஷினத் திருப்பிக் குடுத்திரலாமா?"

இறம்பொடைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு வீடு பார்க்கப் போயிருந்தபோது இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி என்னிடம் இப்படிக் கேட்டாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அந்த மெஷினை அவளுக்குச் சிபாரிசு செய்து படிவம் நிரப்பியவள் நான்தான். அது லயத்து அறையின் மூலையில் பழைய சீலையால் மூடப்பட்டிருந்தது. அதன்மேல் அரிசிப் பேணி இருந்தது.

"தைக்கப் பிடிக்கலையா?" என்று கேட்டேன்.

"துணி வழுக்குதுங்க மிஸ். இந்தக் கை பிடிக்க மாட்டேங்குது" என்று இடது கையைக் காட்டினாள்.

1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பயந்து மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் இவர்களுடையதும் ஒன்று. தாய் அப்போது கைக்குழந்தை. கிளிநொச்சியில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்து, 2009இல் கணவரை இழந்தார். அதே நாட்களில் ஒன்பது வயது மகளின் இடது கையில் செல் சிதறல் பட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. நடுவிரல் மடங்காமல் விறைத்துவிட்டது. செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்தபின், 2010இல் இருவரும் இறம்பொடையிலிருந்த பெரியம்மாவின் லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தாய் கொழுந்து பறிக்கிறார். மகள் முன்பள்ளியில் உதவியாளராக இருக்கிறாள்.

"சரி, மெஷின் வேணாம். வேற என்ன வேணும்?" என்றேன். கோழிக்கூடு, சிறுகடை என்று ஏதாவது சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

"கிற்றார் வேணும் மிஸ். இடது கைக்காரங்க வாசிக்கிற எலெக்றிக் கிற்றார்."

எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கூடும் இல்லை.

ஏன் இடக்கைக் கிற்றார்?

இவள் எழுதுவதும் உண்பதும் வலது கையால்தான். அப்படியிருக்க இடக்கைக் கிற்றார் எதற்கு என்று நானும் கேட்டேன். அவள் சொன்ன விளக்கம் இது.

சாதாரணக் கிற்றாரில் இடது கை விரல்கள் நான்கும் கழுத்துப் பக்கத்தில் தந்திகளை அழுத்த வேண்டும். வலது கை தந்திகளை மீட்ட வேண்டும். அழுத்துவதற்கு விரல்கள் வேண்டும். மீட்டுவதற்குச் சிறிய பிளாஸ்டிக் 'பிக்' ஒன்றைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்தால் போதும். அவளது இடது கையில் மிஞ்சியிருப்பவை அந்த இரண்டும்தான். கிற்றாரைத் திருப்பிப் பிடித்தால் நல்ல கை அழுத்தும், காயப்பட்ட கை மீட்டும்.

இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தோட்டத்துச் சிற்றாலயத்தில் பாடகர் குழுவுக்கு வாசித்த இளைஞனின் கிற்றாரை ஒருநாள் வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். மூன்று ஸ்வரக்கட்டுகள் பிடிபட்டன. பிறகு அவன் வேலைக்காகக் கொழும்புக்குப் போய்விட்டான். கிற்றாரும் அவனோடு போய்விட்டது.

எலெக்றிக் கிற்றாரைக் கேட்டதற்கும் காரணம் வைத்திருந்தாள். மெல்லத் தொட்டாலே போதும், சத்தத்தை அம்பிளிபயர் பார்த்துக்கொள்ளும். ஹெட்போன் மாட்டினால் இரவில் பழகலாம், அடுத்த காம்பராவுக்குத் தொந்தரவில்லை. லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்று தெரியும்.

நாற்பதாயிரம் ரூபா

அவளிடம் சீட்டுக் கட்டி எடுத்த நாற்பதாயிரம் ரூபா இருந்தது. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால் அது ஏறத்தாழ முப்பது நாள் கொழுந்து. தாய் அந்தப் பணத்தில் கூரைத் தகரம் மாற்ற நினைத்திருந்தார். மழைக்கு இரண்டு இடத்தில் சட்டி வைக்கும் வீடு அது.

"நீங்களாச்சும் புத்தி சொல்லுங்க மிஸ். ஆண்டவர் பாட்ட எடது கையிலயா வாசிக்கிறது? ஊர் சிரிக்காதா?" என்றார்.

எனக்குப் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் ஞாபகம் வந்தது. 1962இல் மறைந்த அவர் தமிழகத்தின் மிகப் பெரிய மிருதங்க வித்துவான்களில் ஒருவர். இடக்கைக்காரர். அதனால் மேடையில் வழமையான பக்கத்தில் அமர முடியாது, வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டும். அதற்குச் சம்மதிக்காதவர்கள் இருந்தார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குப் பக்கபலமாக நின்றார். இன்று அவர் எந்தக் கையால் வாசித்தார் என்று எவரும் குறை சொல்வதில்லை, அவரது வாசிப்பையே சொல்கிறார்கள். இதைத் தாயிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

மகள்தான் பேசினாள். "அம்மா, இந்தக் கையப் பாத்து எல்லாரும் பாவம்னுதான் சொன்னாங்க. இது என்ன செய்யும்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா?"

வெகு நேரம் கழித்துத் தாய், "தகரத்த அடுத்த சீட்டுல பாத்துக்கலாம்" என்றார். அந்த வார்த்தைக்கு அவர் கொடுத்த விலை எனக்குத் தெரியும்.

கடை கடையாக

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தேடத் தொடங்கினோம். நுவரெலியாவில் பார்த்தவை எல்லாம் வலக்கைக் கிற்றார்களே. உலகில் பத்துப் பேரில் ஒருவர் அளவிலேயே இடக்கைக்காரர்கள். அவர்களிலும் பலர் வலக்கைக் கிற்றாரிலேயே பழகிவிடுகிறார்கள். அதனால் கம்பனிகள் இடக்கைக் கிற்றாரைக் குறைவாகவே செய்கின்றன. கடைக்காரர்களும் விற்காமல் கிடக்கும் என்று எடுப்பதில்லை.

அடுத்த சனிக்கிழமை புசல்லாவை, கம்பளை வழியாகக் கண்டிக்குப் பஸ் ஏறினோம். முதற் கடையில், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், தொண்ணூற்றையாயிரம் ரூபா, முழுப் பணமும் முன்னதாகக் கட்ட வேண்டும், மூன்று மாதம் ஆகும் என்றார்கள். இரண்டாவது கடையில் வலக்கைக் கிற்றார் ஒன்றைத் தலைகீழாகக் கையில் கொடுத்து, "ஜிமி ஹென்ட்றிக்ஸே இப்படித்தான் வாசிச்சவர் தங்கச்சி" என்றார் ஒருவர். அது பாதி உண்மை. 1970இல் இறந்த அந்த அமெரிக்கக் கலைஞர் வலக்கைக் கிற்றாரைத் திருப்பிப் பிடித்தது உண்மைதான். ஆனால் தந்திகளைக் கழற்றி வரிசை மாற்றிப் பூட்டிக்கொண்டார்.

மூன்றாவது அனுபவம் தொலைபேசியில். குறைந்த விலைக்கு இடக்கைக் கிற்றார் இருப்பதாக விளம்பரம் பார்த்துக் கதைத்தோம். படம் வந்தது. பாதிப் பணத்தை உடனே வங்கியில் போடச் சொன்னார்கள். நான் சம்மதிக்கும் நிலையில் இருந்தேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மிஸ், தலையில இருக்கிற எழுத்தப் பாருங்க" என்றாள். கம்பனிப் பெயர் கண்ணாடியில் தெரிவதுபோல் புறம்மாறி இருந்தது. வலக்கைக் கிற்றாரின் படத்தையே திருப்பிப் போட்டு அனுப்பியிருந்தார்கள். அன்று அவளது கூர்மை நாற்பதாயிரத்தில் பாதியைக் காப்பாற்றியது.

கம்பளை பாஸ்

கடைசியில், கம்பளையில் வாத்தியங்கள் திருத்தும் ஒரு சிங்களப் பெரியவரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். எல்லோரும் 'பாஸ்' என்று கூப்பிடுகிறார்கள். கையில் என்ன நடந்தது என்று அவர் விசாரிக்கவில்லை. "மற்றக் கை காட்டு தங்கச்சி" என்று வலது கையை விரிக்கச் சொல்லி, விரல்களின் நீளத்தைத் தன் கையோடு வைத்துப் பார்த்தார். பிறகு, தெரிந்த தமிழிலும் தெரியாத இடத்தில் சிங்களத்திலும் எங்களுக்கு ஒரு பாடமே நடத்தினார்.

கிற்றாரின் தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கும் சிறு துண்டை 'நட்' என்பார்கள். தடித்த தந்திக்கு அகலமான பள்ளமும் மெல்லிய தந்திக்கு ஒடுங்கிய பள்ளமும் அதில் வெட்டியிருக்கும். தந்தி வரிசையை மாற்றினால் தடித்த தந்தி ஒடுங்கிய பள்ளத்தில் இறங்காது. மெல்லிய தந்தி அகலப் பள்ளத்தில் அசைந்து இரையும். எனவே நட்டை மாற்ற வேண்டும். சாதாரண மரக் கிற்றாரில் உள்ளே ஒட்டியிருக்கும் மரச்சட்டங்களும் ஒரு கைக்கென்றே அமைந்தவை, மாற்றுவது கடினம். எலெக்றிக் கிற்றாரில் அந்தச் சிக்கல் இல்லை. பெரும்பாலானவற்றில் கீழ்ப்பக்கத்தில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனித் திருகு உண்டு. அதைத் திருப்பிச் சுருதியைச் சரிசெய்யலாம். ஆனால், இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் கொம்பு வைத்த உடல் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குடைந்ததைத் திருப்பினால் மேற்சுரங்களுக்குக் கை எட்டாது.

அப்படியான பாவித்த கிற்றார் ஒன்று கண்டியில் கிடைத்தது. கணக்கை அப்படியே தருகிறேன். கிற்றார் 25,000. பாஸின் வேலையும் புதிய நட்டும் தந்திகளும் 4,500. ஹெட்போன் மாட்டக்கூடிய சிறிய, பாவித்த அம்பிளிபயர் 6,500. வயரும் தோள்பட்டியும் 2,000. மொத்தம் 38,000 ரூபா. மிச்சம் பஸ்ஸுக்கும் தேநீருக்கும் போயிற்று. திருப்பிப் பிடித்ததால் சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகிகள் கை உரசும் இடத்துக்கு வந்துவிட்டன. அது ஒரு குறைதான். பழகிக்கொண்டாள்.

வாங்கப் போகும் சகோதரிகளுக்கு

உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ கிற்றார் வாங்க நினைத்தால் சிலவற்றைக் கவனியுங்கள்.

கையில் உள்ள முழுப் பணத்துக்கும் கிற்றாரை வாங்கிவிடாதீர்கள். அம்பிளிபயர், வயர், தந்தி ஆகியவற்றுக்கும் ஒதுக்குங்கள். பாவித்ததாயின் ஒரு முனையிலிருந்து கண்ணை வைத்துப் பார்த்துக் கழுத்து வளைந்திருக்கிறதா எனப் பாருங்கள். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தி மீட்டிப் பாருங்கள், இரைச்சல் வந்தால் காரணம் கேளுங்கள். வயர் பூட்டும் துவாரத்தை அசைத்துக் கரகரப்பு வருகிறதா எனக் கேளுங்கள். ஆரம்பத்தில் மெல்லிய தந்தித் தொகுதியே விரலுக்கு நல்லது. பொருளை நேரில் பார்க்காமல் பணம் போடாதீர்கள். அசல் இடக்கைக் கிற்றார் கடையில் விற்காமல் தூசி படிந்து கிடந்தால் துணிந்து விலை குறைத்துக் கேளுங்கள். அதை வாங்க வருபவர் குறைவு என்பது கடைக்காரருக்கும் தெரியும்.

எங்கள் மலைநாட்டு ஈரத்துக்குத் தந்திகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். அடுப்படிப் புகையில் வைக்காதீர்கள். இடிமின்னல் நேரத்தில் அம்பிளிபயரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கற்பிப்பவர் வலக்கைக்காரராக இருந்தால் பக்கத்தில் அமராமல் எதிரில் அமருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அவரது கையைப் பார்த்துப் பழகலாம்.

இரண்டு முன்னோடிகள்

இங்கிலாந்தின் டொனி அயோமி இடக்கைக் கிற்றார்க் கலைஞர். 1965இல், பதினேழு வயதில், தொழிற்சாலை இயந்திரத்தில் வலது கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுறை செய்து, மெல்லிய தந்திகளைப் பூட்டி, உலகப் புகழ் பெற்றார்.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவர் எலிசபெத் கொட்டன். 1890களில் அமெரிக்காவின் வட கரோலைனாவில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாக வீட்டு வேலை செய்து சேர்த்த பணத்தில் 3 டொலர் 75 சதத்துக்குக் கிற்றார் வாங்கினார். இடக்கைக்காரி. தந்திகளைக்கூட மாற்றாமல், தலைகீழாகவே பிடித்துத் தனக்கென ஒரு வாசிப்பு முறையை உண்டாக்கினார். கலியாணம், பிள்ளை, வேலை என்று பல வருடங்கள் கிற்றாரைத் தொடவில்லை. பணிப்பெண்ணாக வேலை செய்த ஒரு வீட்டில் மீண்டும் கையில் எடுத்தார். அறுபது வயதைத் தாண்டியபின் மேடை ஏறி, 1985இல் கிராமி விருது பெற்றார். அவர் இறந்தது 1987இல்.

இந்தக் கதையைச் சொன்னபோது, எங்கள் பிள்ளை கேட்டது ஒரே கேள்விதான்: "அவங்க அம்மா திட்டலையா மிஸ்?" தாயும் சிரித்துவிட்டார்.

கிற்றார் இன்னும் அவளுக்கு ஒரு சதமும் உழைத்துக் கொடுக்கவில்லை. அதை மறைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிற்றாலயத்தில் வாசிக்கிறாள். முன்பள்ளிப் பிள்ளைகள் அவளோடு பாடுகிறார்கள். முன்பெல்லாம் சால்வைக்குள் மறைத்து வைத்திருக்கும் அந்த இடது கை, இப்போது எல்லோர் முன்னிலையிலும் வெளியே இருக்கிறது. சமூகவியல் படித்த நாட்களில் மறுவாழ்வு என்ற சொல்லுக்கு நீண்ட வரைவிலக்கணம் எழுதியிருக்கிறேன். அதில் இந்தக் கை இருக்கவில்லை.

தையல் மெஷின் இப்போது அடுத்த தோட்டத்தில், அதை விரும்பிக் கேட்ட ஒரு சகோதரியிடம் இருக்கிறது. ஓய்வின்றி ஓடுகிறது.

நான் படிவத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, புதிய கூடு ஒன்று சேர்த்திருக்கிறேன்: 'அவரது சொந்த விருப்பம்.' சகோதரிகளே, யாராவது உதவி என்று படிவத்தோடு உங்கள் வாசலுக்கு வந்தால், அப்படியொரு கூடு இல்லாவிட்டாலும், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்க மறந்தவர்களில் நானும் ஒருத்தி.