கம்பெனி இன்ஷூரன்ஸ் இருந்தும் கையிலிருந்து 1 லட்சம் ரூபாய்... ரினியூவல் மெயிலில் கவனிக்க வேண்டியது என்ன?

‘கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்குல்ல, பார்த்துக்கலாம்.’ அப்பாவையோ அம்மாவையோ மருத்துவமனையில் சேர்க்கும்போது வேலைக்குப் போகும் பிள்ளைகள் சொல்லும் வார்த்தை இது. டிஸ்சார்ஜ் அன்று பில்லிங் கவுன்ட்டரில், ‘நீங்க இவ்வளவு கட்டணும்’ என்று ஒரு தொகையைச் சொல்லும்போதுதான், சில மாதங்களுக்கு முன்பு ஹெச்.ஆரிடமிருந்து வந்த ‘பாலிசி ரினியூவல்: சில மாற்றங்கள்’ என்ற மெயில் ஞாபகத்துக்கு வரும். அந்த மெயிலைத் திறக்காமலே விட்டவர்களில் நானும் ஒருத்தி.

அந்தச் ‘சில மாற்றங்கள்’ என்ன, அவை எதற்காக வருகின்றன?

பிரீமியம் ஏன் ஏறுகிறது?

நிறுவனங்கள் எடுக்கும் குரூப் பாலிசி பொதுவாக ஒரு வருட ஒப்பந்தம்தான். போன வருடம் ஊழியர்கள் எவ்வளவு க்ளெய்ம் செய்தார்கள் என்பதைப் பார்த்துத்தான் இந்த வருட பிரீமியத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி சொல்லும். 500 பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனம் 1 கோடி ரூபாய் பிரீமியம் கட்டி, 1.2 கோடிக்கு க்ளெய்ம் வந்திருந்தால், அடுத்த வருடம் பிரீமியம் உயரும். மருத்துவமனைக் கட்டணங்கள் ஏறுவதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

வரியும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால், குரூப் பாலிசிகளுக்கு 18% தொடர்கிறது.

செலவை எப்படிக் குறைக்கிறார்கள்?

பிரீமியம் கையைக் கடிக்கும்போது, நிறுவனங்கள் வழக்கமாகச் செய்வது இவைதான்:

* பெற்றோருக்கான கவரேஜை நீக்குவது, அல்லது அதற்கான பிரீமியத்தை ஊழியரின் சம்பளத்தில் பிடிப்பது.
* கோ-பே: ஏற்கப்பட்ட க்ளெய்ம் தொகையில் 10%, 20% என ஒரு பங்கை ஊழியரே கட்டுவது.
* ரூம் வாடகைக்கு வரம்பு வைப்பது. உதாரணமாக, 5 லட்சம் கவரேஜில் 1%, அதாவது நாளுக்கு 5,000 ரூபாய்.
* கண்புரை ஆபரேஷன், பிரசவம் போன்றவற்றுக்குத் தனி உச்சவரம்பு வைப்பது.

கேட்க எல்லாமே சின்ன மாற்றம் மாதிரிதான் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

ஒரு பில், ஒரு கணக்கு

அப்பாவுக்கு ஆபரேஷன், நான்கு நாள் அட்மிஷன். பாலிசியில் ரூம் வரம்பு 5,000. எடுத்ததோ 10,000 ரூபாய் ரூம். வாடகை 40,000, டாக்டர் மற்றும் ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் 1,20,000, மருந்து, பரிசோதனைகள் 60,000. மொத்தம் 2,20,000 ரூபாய்.

‘ரூம் வாடகை வித்தியாசம் 20,000 தானே, கட்டிடலாம்’ என்றுதான் நினைப்போம். அங்கேதான் சிக்கல். பல மருத்துவமனைகளில் ரூமின் தரத்துக்கு ஏற்ப டாக்டர் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் மாறும். அதனால், ரூமில் பாதி வாடகைதான் அனுமதி என்றால் இந்தக் கட்டணங்களிலும் பாதியைத்தான் இன்ஷூரன்ஸ் தரும். மருந்து, உள்ளே பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் மட்டும் இப்படிக் கழிக்கக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதி.

ஆக, கிடைப்பது 20,000 + 60,000 + 60,000 = 1,40,000. இதில் பெற்றோருக்கு 20% கோ-பே இருந்தால் இன்னும் 28,000 போய்விடும். கடைசியில் கையிலிருந்து கட்டுவது 1,08,000 ரூபாய்! அதே அப்பாவை 5,000 ரூபாய் ரூமில் சேர்த்திருந்தால் இந்தக் கழிவு வந்திருக்காது.

செலவு குறைகிறதா, இடம் மாறுகிறதா?

கோ-பே வைத்தால் நிறுவனத்துக்கு பிரீமியம் குறையும். ஆனால், அந்தச் சுமை நோய் வந்த குடும்பத்தின் தலையில் மட்டும் விழுகிறது. முன்பு சொன்ன 500 பேர் நிறுவனத்தில் பிரீமியம் 20 லட்சம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எல்லோரும் பகிர்ந்தால் ஆளுக்கு வருடம் 4,000, மாதம் சுமார் 333 ரூபாய்தான். ரினியூவலுக்கு முன்பு ஹெச்.ஆர். கருத்துக் கேட்டால், இதைச் சொல்லலாம். கேட்காவிட்டாலும் சொல்லலாம்!

இரண்டு தரப்புக்குமே செலவைக் குறைக்கும் வழிகளும் உண்டு. நெட்வொர்க் மருத்துவமனைகளில் முன்பே பேசி வைத்த கட்டணம் இருக்கும். திட்டமிட்ட ஆபரேஷன் என்றால், அட்மிஷனுக்கு முன்பே கேஷ்லெஸ் அனுமதி வாங்கிவிடலாம். நிறுவனம் இலவச ஹெல்த் செக்கப் தந்தால் தவறவிடாதீர்கள். பி.பி.யையும் சுகரையும் ஆரம்பத்திலேயே பிடித்தால், பின்னால் பெரிய பில் வருவதைத் தவிர்க்க முடியும்.

இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும். ஊழியர் 0.75%, நிறுவனம் 3.25% கட்டுகின்றன. 20,000 சம்பளத்துக்கு உங்கள் பங்கு 150 ரூபாய், நிறுவனத்தின் பங்கு 650 ரூபாய். இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கோ-பே, ரூம் வரம்பு எதுவும் கிடையாது.

சம்பளம் 21,000-ஐத் தாண்டினால், நடப்பு அரையாண்டு முடியும் செப்டம்பர் 30 அல்லது மார்ச் 31 வரைதான் சந்தா பிடிப்பார்கள். இன்க்ரிமென்ட் லெட்டர் வாங்கும்போதே, ‘அடுத்து குரூப் பாலிசியில் சேர்ப்பீங்களா?’ என்று கேட்டுவிடுங்கள்.

வேலையை விட்டால்?

குரூப் பாலிசி பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற விதிகளில் இடமுண்டு. ஆனால், உங்கள் உடல்நிலையைப் பார்த்துத்தான் ஏற்பார்கள், பிரீமியமும் மாறும். எனவே, வேலையை விடுவதற்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது.

அதைவிட நல்ல வழி, வேலையில் இருக்கும்போதே சிறிய தொகைக்காவது சொந்தமாக ஒரு பாலிசி எடுப்பது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் 3 வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். கம்பெனி பாலிசி கைகொடுக்கும் நாட்களிலேயே அந்தக் காலமும் ஓடி முடிந்துவிடும்.

அடுத்த ரினியூவல் மெயில் வந்தால் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: பெற்றோர் இருக்கிறார்களா, கோ-பே எவ்வளவு, ரூம் வரம்பு எவ்வளவு, எந்தெந்த சிகிச்சைக்குத் தனி உச்சவரம்பு? ரூம் வரம்பை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் இன்றே சொல்லி வையுங்கள். அவசரத்தில் அட்மிஷன் போடுவது நீங்களாக இல்லாமலும் போகலாம்.