வாளிப் பாலும் மோட்டார்க் கணக்கும்

தோட்டத்துச் செம்பனை ஆலையில் இரவும் பகலும் இரைகிற மோட்டார்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றின் உடம்பிலும் ஒரு சிறு தகடு உண்டு. 15 கிலோவாட், 400 வோல்ட், 28.3 ஆம்பியர், 0.85 என்பதுபோல் அதில் எண்கள் இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒரு தொழிலின் முதல் படியில் கால் வைக்கிறான்.

வீட்டில் துணி தேய்க்கும் பெட்டிக்குக் கணக்கு எளிது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் வந்துவிடும். மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு அது போதாது. 3-இன் வர்க்கமூலமான 1.732-ஆலும் பெருக்க வேண்டும்.

1.732 × 400 × 28.3 = சுமார் 19,600.

இவ்வளவும் வேலையாக மாறுகிறதா? இல்லை. பால் மரம் வெட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாளி நிறையப் பால் இருந்தாலும் கணக்கில் ஏறுவது அதிலுள்ள ரப்பர்தானே! மோட்டாரும் அப்படியே. இழுக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு, உள்ளே காந்தத்தை உண்டாக்கவே போய் வருகிறது. வேலைக்கு ஆகும் பங்கைக் காட்டுவதுதான் 0.85. இதற்குத் திறன் காரணி என்று பெயர்.

19,600 × 0.85 = சுமார் 16,700 வாட்.

இதிலும் பத்தில் ஒரு பங்கு சூட்டிலும் உராய்விலும் கழிய, தண்டில் கிடைப்பது 15 கிலோவாட். அதாவது ஏறக்குறைய 20 குதிரைத்திறன்.

சின்ன வேலைக்குப் பெரிய மோட்டாரைப் பூட்டினால் திறன் காரணி இறங்கும். அதே வேலைக்கு அதிக ஆம்பியர் ஓடும், கம்பி சூடேறும். தீபகற்ப மலேசியாவில் ஆலையின் திறன் காரணி 0.85-க்குக் கீழே போனால் மின்கட்டணத்தோடு கூடுதல் கட்டணமும் சேரும். வேலைக்கேற்ற மோட்டாரும் கெப்பாசிட்டரும் இதற்குப் பரிகாரம்.

ஓர் எச்சரிக்கை: சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். சான்றிதழ் பெற்றவரைத் தவிர வேறு யாரும் அந்தப் பெட்டியைத் திறக்கக் கூடாது.

பெற்றோர்களே! மலேசியாவில் மூன்று ஃபேஸ் வயர்மேன் வேலைக்கென்றே தனிச் சான்றிதழ் உண்டு. அந்தப் படிப்புக்கு இந்தப் பெருக்கல் கணக்கே அடிப்படை. இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 400 வோல்ட், 20 ஆம்பியர், திறன் காரணி 0.80, மோட்டார் இழுக்கும் திறன் எவ்வளவு?

11 கிலோவாட்டுக்குச் சற்று மேல் என்று சொன்னால், தட்டிக்கொடுங்கள்!