பழைய லேண்ட் ரோவரை வீட்டிலேயே புதுப்பிக்கலாம்: முதலில் கிராண்ட், அடுத்து சேஸி, கடைசியில்தான் சாயம்

கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த வண்டியைத் தெரியாமல் இருக்காது. சதுரமான முகம், தட்டையான கதவு, பின்னால் காய்கறிக் கூடைகள். புதிய கார்கள் திணறும் மண்பாதையில் லேண்ட் ரோவர் முனகிக்கொண்டே ஏறிப் போகும். ஒரு காலத்தில் தீபகற்பம் முழுவதும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலும் இந்த வண்டிதான் ஓடியது. துரை வெளிக்காட்டைச் சுற்றிப் பார்க்கப் போனதும் இதில்தான். நள்ளிரவில் பிரசவ வலி வந்த பெண்ணை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் பல தோட்டங்களில் இதுதான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது இவற்றில் பல பழைய இரும்புக் கடைக்குப் போயின. சில கொட்டகைகளில் முடங்கிக் கிடக்கின்றன. அப்படிக் கிடக்கும் வண்டியை வாங்கி, வீட்டு வாசலிலேயே புதுப்பிக்க வேண்டும் என்ற ஆசை இன்று நம் இளைஞர்கள் சிலருக்கு இருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் அதில் பணம் கரைவதற்கும், வண்டி பாதியிலேயே நின்றுபோவதற்கும் பெரும்பாலும் ஒரே காரணம், வேலையைத் தலைகீழாகத் தொடங்குவதுதான். முதலில் சாயம், பெரிய டயர், கூடுதல் விளக்கு என்று செலவழித்துவிட்டு, பிறகுதான் அடியில் சேஸி உளுத்திருப்பதைப் பார்க்கிறார்கள். சிலருக்குக் கிராண்டில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் வேறு வேறு என்பதே கடைசியில்தான் தெரியவருகிறது. எந்த வரிசையில் வேலை செய்தால் பணமும் உயிரும் பத்திரமாக இருக்கும் என்பதைப் பார்ப்போம்.

வண்டியின் கதை

லேண்ட் ரோவர் முதன்முதலில் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால், வெளித்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். சேஸி மட்டும் எஃகு. முதல் சீரிஸ் 1958 வரை வந்தது. 1958இல் சீரிஸ் டூ, 1961இல் டூ-ஏ, 1971இல் சீரிஸ் த்ரீ என்று தொடர்ந்து, 1985இல் சீரிஸ் வண்டிகளின் தயாரிப்பு நின்றது. சீரிஸ் டூவிலிருந்து வந்தவற்றில் பரவலாகக் காணப்படுவது 2,286 சிசி நான்கு சிலிண்டர் இஞ்சின். பெட்ரோலிலும் டீசலிலும் அது உண்டு. இரு சக்கர அச்சுகளுக்கு இடையே 88 அங்குலம் இருந்தால் குட்டை வண்டி, 109 அங்குலம் இருந்தால் நீள வண்டி. பிக்கப் ஆகப் பயன்படுத்த நீள வண்டியே வசதி.

வெளித்தகடு அலுமினியம் என்பதால் வண்டி பார்வைக்கு நன்றாகவே தெரியும். அலுமினியத்தில் செந்துரு பிடிக்காது. இதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதலில் கிராண்ட்

பணம் கொடுப்பதற்கு முன் வாகனப் பதிவுப் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். சேஸி எண்ணையும் இஞ்சின் எண்ணையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். சீரிஸ் வண்டிகளில் சேஸி எண் ஓட்டுநர் பகுதியில் உள்ள தகட்டில் இருக்கும். முன்பக்க வலது ஸ்பிரிங் மாட்டும் இடத்தருகே சேஸியிலேயே பொறிக்கப்பட்டும் இருக்கும். துருவால் எண் மறைந்திருந்தால் கம்பி பிரஷால் மெதுவாகத் துடையுங்கள். கிரைண்டரைப் பயன்படுத்தாதீர்கள். எண் அழிந்தால் அது சட்டச் சிக்கலாகிவிடும்.

உரிமை மாற்றத்திற்கான பரிசோதனையில் இந்த எண்கள் சரிபார்க்கப்படும். பொருந்தாத வண்டியை உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. சாலை வரி பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத வண்டி என்றாலோ, முன்னாள் உரிமையாளர் இறந்துவிட்டார் என்றாலோ, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையில் நேரில் விசாரித்துவிடுங்கள். பத்திரத்தில் பயன்பாட்டு நிபந்தனை ஏதும் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். "பேப்பர் எல்லாம் பிறகு பார்த்துக்கலாம்" என்று விற்பவர் சொன்னால், அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது.

துரு ஒளிந்திருக்கும் இடம்

லேண்ட் ரோவரின் சேஸி, எஃகுத் தகடுகளைப் பெட்டிபோல் ஒட்டிச் செய்யப்பட்டது. மண்ணும் ஈரமும் அதன் உள்ளே புகுந்து தங்கும். அதனால் துரு உள்ளிருந்துதான் அரிக்கும். வெளியே கறுப்புச் சாயம் பளபளக்கும்போதே உள்ளே தகடு காகிதம்போல் மெலிந்திருக்கலாம். நம் நாட்டு மழைக்கு இது இன்னும் வேகமாக நடக்கும்.

ஒரு சிறிய சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே போய்த் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று ஒலிக்கும். உளுத்த இரும்பு மந்தமாகச் சத்தமிடும், அல்லது உள்ளே துருத்தூள் உதிரும். குறிப்பாகப் பார்க்க வேண்டிய இடங்கள்: பின்கோடியில் உள்ள குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் தொங்கும் இடங்கள், பக்கவாட்டில் நீளும் தாங்கிகள். அடுத்தது, இஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே நிற்கும் எஃகுச் சுவர். அதன் கால்வைக்கும் தளமும் கதவு மாட்டும் தூண்களும் முதலில் அரிக்கும்.

அலுமினியமும் எஃகும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரியும். வெளித்தகட்டைத் திரும்பப் பொருத்தும்போது இரண்டு உலோகங்களுக்கும் நடுவே சாயமோ ரப்பர் பட்டையோ இருக்க வேண்டும்.

சேஸி அரித்த இடத்தில் மேலே ஒரு தகட்டை ஒட்டி மறைப்பது பழுதுபார்ப்பு ஆகாது. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே தடிப்பில் புதுத் தகட்டை வைத்து முழுமையாக வெல்டிங் செய்ய வேண்டும். வண்டியின் பாரம் முழுவதையும் தாங்கும் பகுதி இது. ஆகையால் பழகாத கை இதைச் செய்யக்கூடாது. மற்ற எல்லாவற்றையும் வீட்டில் செய்தாலும், இந்த ஒரு வேலைக்குத் தேர்ந்த வெல்டரைக் கூப்பிடுங்கள்.

வாசலில் வேலை செய்யும்போது

வீட்டில் வேலை செய்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று உண்டு. சீரிஸ் லேண்ட் ரோவரின் கைபிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைத்தான் பிடிக்கிறது. அதனால் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கியவுடன், கைபிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளக்கூடும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும். தூக்கியபின் சேஸிக்குக் கீழே இரும்புத் தாங்கிகளை வைத்துவிட்டுத்தான் அடியில் நுழைய வேண்டும். செங்கல்லும் சிமெண்ட் கல்லும் பாரத்தில் திடீரென்று உடையும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்குக் கீழே படுக்கக்கூடாது.

பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைக் கிளப்பாதீர்கள். முகக்கவசம் அணிந்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். பெட்ரோல் தொட்டி காலியாக இருந்தாலும் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். வெல்டிங் தொடங்குமுன் தொட்டியைக் கழற்றித் தூரத்தில் வையுங்கள். பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் விளையாடும் வாசல் என்றால் இவை எல்லாம் இரட்டிப்பு முக்கியம்.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் முதலில் கைப்பேசியில் படம் எடுங்கள். நட்டு, போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் பூட்டும்போது எதுவும் ஞாபகம் இருக்காது.

ஓடுவதற்கு முன் நிற்கட்டும்

இஞ்சின் உறுமுவதைக் கேட்க எல்லாருக்கும் ஆசை. ஆனால் பிரேக்தான் முதலில். பழைய சீரிஸ் வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் எண்ணெய் இணைப்புதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கிலும் பிரேக் போய்விடும். மலைப்பாதையில் இறங்கும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். உலோகக் குழாய், ரப்பர் குழாய், சக்கர சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் அனைத்தையும் புதிதாக மாற்றிவிடுவது நல்லது. இதில் சிக்கனம் வேண்டாம். அடுத்து ஸ்டீயரிங் மூட்டுகள், இலை ஸ்பிரிங்குகள், சக்கர பேரிங்குகள்.

பல ஆண்டு தூங்கிய இஞ்சினை உடனே ஸ்டார்ட்டரால் சுழற்றக்கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கையால் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால் பாதி வெற்றி. பழைய பெட்ரோலை வடித்து, இஞ்சின் எண்ணெயையும் ரேடியேட்டர் நீரையும் மாற்றிய பிறகே உயிர் கொடுக்க வேண்டும்.

மின்சாரத்தில் ஒரு பொறி உண்டு. 1967 வாக்கிற்கு முந்தைய வண்டிகளில் பேட்டரியின் நேர்முனைதான் சேஸியோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வண்டிகளில் எதிர்முனை. இது தெரியாமல் புது ரேடியோவையோ ஆல்டர்னேட்டரையோ மாட்டினால் புகைந்துவிடும். பழைய வயர்களின் மேலுறை நொறுங்கியிருந்தால் முழுவதையும் மாற்றுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் பியூஸ் வையுங்கள்.

நம் விருப்பத்துக்கு மாற்றும்போது

ஜப்பானிய டீசல் இஞ்சின், பவர் ஸ்டீயரிங், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், நல்ல சீட், சீட் பெல்ட். இவை பயனுள்ள மாற்றங்கள்தான். ஆனால் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ், பதிவில் உள்ள விவரங்களை நாமே மாற்றிவிட முடியாது. இஞ்சின், உடலமைப்பு, வண்டியின் நிறம் ஆகியவற்றை மாற்றுவதென்றால் ஜேபிஜேயிடம் முறையாகச் செல்ல வேண்டும். வேலை முடிந்தபின் போய்க் கேட்பதைவிட, தொடங்குமுன் கேட்பது மலிவு. பதிவில் இல்லாத இஞ்சினோடு ஓடும் வண்டி விபத்தில் சிக்கினால் காப்புறுதி இழப்பீட்டிலும் சிக்கல் வரலாம்.

பெரிய டயர் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்டீயரிங் கனக்கும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், வேகமானியும் தவறாகக் காட்டும். லேண்ட் ரோவருக்குப் பதிலாக, பின்னால் இரட்டை டயர் உள்ள சிறிய லாரியைப் புதுப்பிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்டயரில் காற்றிறங்கினால் வெளியே தெரியாது. முழு பாரமும் வெளிடயரில் விழுந்து அது சூடேறி வெடிக்கலாம். நான்கு பின்டயர்களும் ஒரே அளவாக, ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பாருங்கள்.

கடைசியில் சாயம்

இப்போதுதான் அழகு. அலுமினியத்தின்மேல் நேராகச் சாயம் பூசினால் சில மாதங்களில் உரியும். நன்கு தேய்த்து, எண்ணெய்ப் பசையை நீக்கி, அலுமினியத்தைக் கவ்விப் பிடிக்கும் எட்ச் பிரைமரை முதலில் பூச வேண்டும். சேஸியின் உட்பக்கத்தில் துரு தடுக்கும் மெழுகைத் துளைகள் வழியாகச் செலுத்துங்கள். ஈரம் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். தகட்டில் உள்ள சிறு சொட்டைகளை விட்டுவைத்தாலும் தவறில்லை. அவை அந்த வண்டி உழைத்த தடயங்கள்.

வார இறுதிகளில் மட்டும் செய்தால் இந்த வேலை ஓராண்டைத் தாண்டும். நிறையப் பொறுமையும் வழிகாட்ட ஒருவரும் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் உங்கள் தாமானிலேயே இருப்பார். தோட்டத்துப் பட்டறையில் பிட்டராக, டிரைவராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்களுக்கு இந்த வண்டிகள் மனப்பாடம். கிளட்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார்கள். அவர்களில் பலரிடம் எந்தச் சான்றிதழும் கிடையாது. அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவும் இல்லை. வண்டியை வாங்கியதும் அப்படி ஒரு தாத்தாவைத் தேடிப் பிடித்து, ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பக்கத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளையை நிற்க வையுங்கள். எஸ்பிஎம் முடித்துவிட்டு எந்தத் துறைக்குப் போவது என்று யோசிக்கும் பிள்ளைக்கு, மலேசியத் திறன் சான்றிதழ் படிப்பில் வாகனத் துறையைத் தேர்ந்தெடுக்கும் துணிச்சல் அங்கிருந்துகூட வரலாம்.