மெலிந்த காற்றில் வாழும் உயிர்கள்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் பாதியாகக் குறைந்துவிடுவதால், காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 விழுக்காடாகவே நீடித்தும், ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குக் கிடைப்பது பாதியளவே. சமவெளியிலிருந்து மலையேறுபவரின் உடல் இக்குறையை முதலில் மூச்சை விரைவுபடுத்தியும், சில வாரங்களில் ஹீமோகுளோபின் என்னும் ஆக்சிஜன் சுமக்கும் புரதம் நிறைந்த சிவப்பணுக்களைப் பெருக்கியும் ஈடுகட்ட முயல்கிறது. கீழே இறங்கியபின் மறைந்துவிடும் இம்மாற்றம் உடல் இணக்கம் எனப்படும். இயற்கைத் தேர்வினால் பல தலைமுறைகளில் மரபணுக்களிலேயே நிலைபெறுவது தகவமைப்பு.

சிவப்பணுக்கள் கூடுவது முழு நன்மையன்று. அவை அளவு மீறும்போது குருதி தடித்து, இதயத்தின் சுமை ஏறி, தலைவலியும் மூச்சுத்திணறலும் தொடர்கின்றன. ஆண்டிஸ் மலைவாழ் மக்களிடம் காணப்படும் இந்நோயை 1920களில் பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே விவரித்தார்.

திபெத்தியர்களின் உடலோ வேறு வழியைக் கண்டது. 4,000 மீட்டர் உயரத்திலும் அவர்களது ஹீமோகுளோபின் அளவு சமவெளி மக்களின் அளவுக்கு அருகிலேயே நிற்கிறது. மிகுதியாக மூச்சு வாங்குவதாலும், குருதியோட்டம் பெருகியிருப்பதாலும் திசுக்களுக்குத் தேவையான ஆக்சிஜன் கிடைக்கிறது. ஆக்சிஜன் குறையும்போது உடல் காட்டும் எதிர்வினையை நெறிப்படுத்தும் இபிஏஎஸ்-1 என்ற மரபணுவின் தனி வடிவமே சிவப்பணுப் பெருக்கத்தை அடக்கி வைக்கிறது என்பது 2010இல் வெளியான ஆய்வுகளால் புலப்பட்டது. அவ்வடிவம், சைபீரியக் குகை ஒன்றில் கிடைத்த எலும்பால் அறியப்பட்டு இன்று அழிந்துபோன டெனிசோவர் என்னும் தொல்மனிதரோடு ஏற்பட்ட கலப்பினால் வந்தது என்று 2014இல் தெரியவந்தது. மனித வரலாற்றைப் பற்றிய வியத்தகு கண்டுபிடிப்புகளுள் இதற்குத் தனியிடம் உண்டு.

திபெத்திய ஏரிக்கரைகளில் இனப்பெருக்கம் செய்து, இமயத்தைக் கடந்து, நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வலசை வரும் வரித்தலை வாத்தோ ஹீமோகுளோபினையே மாற்றிக்கொண்டது. அதன் அமினோ அமிலங்களுள் சில மாறியிருப்பதால் அப்புரதம் ஆக்சிஜனை இறுகப் பற்றுகிறது. பெரிய நுரையீரலும், பறக்கும் தசைகளில் அடர்ந்த நுண்குழாய்களும் அதற்குத் துணை. 7,000 மீட்டருக்கும் மேலே இவ்வாத்துகள் பறந்ததைக் கருவிகள் பதிவுசெய்துள்ளன. ஆயினும் அவை உயரத்திலேயே நிலைத்துப் பறப்பதில்லை. அடர்ந்த காற்றில் சிறகடிப்பதற்கு ஆற்றல் குறைவாகச் செலவாவதால், ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் தாழ இறங்கி, அடுத்த முகட்டுக்கு மீண்டும் ஏறியே இமயத்தைக் கடக்கின்றன.