நிறுத்தத் தெரிந்த தொழிற்சாலை

தறியில் ஒரு பாவு நூல் அறுந்தாலும் தறி ஓடும், துணியும் வரும். அந்த இழை விட்ட துணிதான் விலை போகாது. ஜப்பானில் சாகிச்சி டொயோடா 1924-ல் உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்ததுமே தானாக நின்றுவிடும். அதனால் பழுதுத் துணி குறைந்தது. ஒரு தறிக்கு ஓர் ஆள் காவல் நிற்கும் நிலை மாறி, ஒருவரே பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. எத்தனை மணி நேரம் ஓடினோம் என்பதை மட்டும் கணக்குப் பார்க்கும் நமக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது.

இதே எண்ணம் பின்னாளில் டொயோடா கார் ஆலைக்கும் வந்தது. அசெம்பிளி லைனில் தொழிலாளியின் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். போல்ட் சரியாக உட்காரவில்லை என்றால் அவர் அதை இழுப்பார். மேலே பலகையில் விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். கார் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் குறை தீர்ந்தால் லைன் நிற்காது, தீராவிட்டால் நிற்கும். பார்ப்பவர்களுக்கு நேர விரயமாகத் தெரியலாம். ஆனால் அங்கேயே ஒரு நிமிடத்தில் இறுக்க வேண்டிய போல்ட்டை, கார் முழுதாக முடிந்த பிறகு பிரித்து இறுக்க எத்தனை கைகள் வேண்டும்? அந்தக் கைகளும் நாள் முழுக்க மும்முரமாகத்தான் இருக்கும், அந்த மறுவேலையும் உழைப்பாகவே கணக்கில் ஏறும். தேவைக்கு மேல் உற்பத்தி செய்வதையே விரயங்களில் மோசமானதாக டொயோடாவின் உற்பத்தி முறையை வகுத்த டாயிச்சி ஓனோ கருதியதற்குக் காரணம், குவியும் சரக்கு மற்ற குறைகளையெல்லாம் மறைத்துவிடும் என்பதுதான்.

இதெல்லாம் ஜப்பானியர் குணம், நமக்கு ஒத்துவராது என்பார்கள். ஆனால் அமெரிக்காவிலேயே நடந்ததைப் பாருங்கள்: கலிஃபோர்னியாவின் ஃபிரிமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடிய ஆலை, தரத்துக்கும் வருகைப் பதிவுக்கும் பெயர் கெட்டது. 1984-ல் டொயோடாவுடன் கூட்டாக அதைத் திறந்தபோது வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். கயிற்றை இழுக்கும் உரிமை உட்பட வேலை முறை மாறியதும், சில ஆண்டுகளிலேயே அந்த ஆலையின் தரம் ஜப்பானிய ஆலைகளுக்கு அருகில் வந்தது. நம் பக்கத்திலும் சான்று உண்டு. சென்னையைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை 1998-ல் பெற்றது.

டொயோடாவே 2009, 2010-ல் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்கவில்லையா என்று கேட்டால், ஆம், அழைத்தது. அப்போதைய தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு, வளர்ச்சியின் வேகத்தில் முன்னுரிமைகள் குழம்பிவிட்டதாக ஒப்புக்கொண்டார். அந்தச் சறுக்கல் என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் தையலை நிறுத்தினால் அவர் கூலியல்லவா குறையும்? குறையும். குறை கண்டு நிறுத்திய நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுக்காத முதலாளிக்கு, தொழிலாளியிடம் தரம் கேட்க எந்த நியாயமும் இல்லை.